டிரைவர் சீட்டும் சாய்வு சைக்கிளும்

டிரைவரைக் கம்பெனி டாக்டரம்மா எடை மெஷினில் ஏற்றி இறக்கிய அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் கட்டிடத்தில் எல்லோருக்கும் அந்த எண் தெரிந்துவிட்டது. நூற்றுநாலு. நான் சொல்லித்தான் பரவியது என்று பின்னால் ஒரு பேச்சு வந்தது. நான் மூன்று வீட்டில்தான் சொன்னேன். கட்டிடத்தில் இருப்பது ஐந்து வீடு.

டிரைவர் என்றால் பஸ் டிரைவர். என் வீட்டுக்கு நேர் மேலே குடியிருக்கிறார். நாற்பத்தெட்டு வயது. இருபத்துமூன்று வருடமாக ஒரே கம்பெனி, ஒரே ரூட், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அவளுக்கு நின்றே வேலை, இவருக்கு உட்கார்ந்தே வேலை. ஒரே பானையில் சாப்பிட்டு ஒருத்தி கொடியாகவும் ஒருத்தர் மூட்டையாகவும் இருப்பதை நான் இவர்களிடம்தான் பார்த்தேன்.

டாக்டரம்மா கொடுத்த சீட்டில் மூன்று வரி. பத்து வாரத்தில் எடை தொண்ணூற்றேழுக்குக் கீழே வர வேண்டும். ஒரு படி உயர மேடையில் மூன்று நிமிடம் ஏறி இறங்க வேண்டும், உட்கார்ந்து ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் நாடி நூற்றிருபதைத் தாண்டக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் ஸ்டியரிங் கிடையாது, டிப்போ வாசலில் ஸ்டூல்.

"கேட்ல உக்காந்துக்கிட்டு, என் வண்டிய இன்னொருத்தன் ஓட்டிட்டுப் போறத நானே நோட்டுல எழுதணுமாம்" என்றார் மாடிப்படியில். என்னிடம் சொல்லவில்லை, மனைவியிடம் சொன்னார். நான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"எழுத வேண்டாம். குறைங்க" என்றாள் அவள்.

"எப்படிக் குறைக்க? ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, முட்டி தேஞ்சிருக்குன்னு அவங்களே சொல்றாங்க. பறந்துதான் குறைக்கணும்."

அப்போதுதான் அவளுடைய தம்பி வந்து சேர்ந்தான். ஃபேன் ரிப்பேர் செய்கிறவன். கேட்காதவர்களுக்கும் யோசனை சொல்லுவதால் தெருவில் ஆலோசகர் என்று பெயர். அவன் வீட்டில் ஒரு டிரெட்மில் இருக்கிறது. அதன் மேல் கடைசியாக நடந்தது ஒரு ஈரத் துண்டு.

"எதுக்கு மாமா கவலை. நம்ம டிரெட்மில்ல நாளைக்கே கொண்டுவந்து இறக்கிடறேன். மோட்டார் கல்லு மாதிரி இருக்கு."

"மோட்டார் கல்லு மாதிரி இருக்கு மச்சான். முட்டி இல்லையே."

அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பழைய உடற்பயிற்சி மெஷின்களைச் சரிசெய்து வாடகைக்கு விடும் கடை ஒன்று பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்து, முட்டிக்குத் தோதானது எதுவோ அதைத்தான் எடுப்பது. ஞாயிற்றுக்கிழமை நால்வராகப் போனோம். நான் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்று வழியில் யோசித்து வைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் ஒரு காலத்தில் ஃபுட்பால் ஆடியவர். இப்போது இடது முட்டிக்குள் இரும்பு இருக்கிறது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. அவர் டிரைவரை ஸ்டூலில் உட்காரவைத்து, முட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, காலை மடக்கி நீட்டச் சொன்னார். சருகை மிதித்த மாதிரி ஒரு சத்தம். இரண்டடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

ஆலோசகர் உள்ளே நுழைந்ததுமே டிரெட்மில் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தான், சொந்தக்காரனைக் கண்டுபிடித்த மாதிரி.

"இதுல ஒரு மணி நேரம் ஓடினா வெண்ணெயா உருகிடும் மாமா."

"அப்ப நீ ஏன்டா ஓடல, வீட்ல சும்மாத்தானே கிடக்கு" என்றாள் அக்கா.

"எனக்கு எதுக்கு? என்கிட்ட உருக என்ன இருக்கு?"

கடைக்காரர் சிரிக்கவில்லை. "ஓடுறப்ப ஒவ்வொரு அடிக்கும் உங்க உடம்பு மொத்தமும் இந்த முட்டியில வந்து விழும் சார். பத்து வாரம் இது தாங்காது. பெடலை விட்டுக் கால் கிளம்பாத மெஷின்தான் உங்களுக்கு. மூணு இருக்கு. ஏறிப் பாருங்க."

முதலில் துடுப்பு மெஷின். தரையோடு தரையாக உட்கார்ந்து, வழுக்கிப் போய், கயிற்றை இழுக்க வேண்டும். நாலு இழுப்பில் தொடையும் வயிறும் ஒரே இடத்துக்குச் சண்டை போட ஆரம்பித்தன. "நல்ல மெஷின்தான். ஆனா இதுல முட்டி ரொம்ப மடங்குது. தேஞ்ச முட்டிய இவ்வளவு மடக்கிக்கிட்டே வேலை வாங்கக் கூடாது. இறங்குங்க" என்றார் கடைக்காரர்.

அடுத்தது எலிப்டிகல். நின்றபடி கையால் கம்பியைத் தள்ளி இழுத்து, காற்றில் நடப்பது போல நடக்க வேண்டும். மூன்று நிமிடம் நடந்தார். முகம் செங்கல் நிறத்துக்குப் போயிற்று. கைப்பிடியில் நாடி நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. இறங்கியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும் அப்போதுதான் முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தார்.

"கொழுப்பு எதுல சீக்கிரம் கரையும்?" என்று கேட்டாள் மனைவி. இஸ்திரிக்காரிக்கு எதுவும் நேராக வேண்டும்.

"கணக்குப் பார்த்தா இதுலதாம்மா. கை கால் எல்லாம் வேலை செய்யுது. ஆனா இவரு நாளைக்கு மறுபடியும் இதுல ஏறுவாரா, நீங்களே பாருங்க. மூணு நிமிஷம் செய்ற நல்ல மெஷினை விட நாப்பது நிமிஷம் செய்ற சுமாரான மெஷின் மேல். மிதிக்கிறப்ப பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு."

"இவர் சும்மா இருக்கிறப்பவே பேச மாட்டாரே."

மூன்றாவது, சாய்வு சைக்கிள். சாய்ந்துகொள்ள முதுகு உள்ள அகலமான சீட், பெடல்கள் முன்பக்கம். டிரைவர் அதில் உட்கார்ந்தார். அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. வேலைக்குப் போன இடத்தில் தன் வீட்டுக் கதவைத் திறந்த மனிதன் மாதிரி இருந்தார். வலது கை தானாகப் போய், அங்கே இல்லாத கண்ணாடியைச் சரிசெய்தது.

"இது போதும்" என்றார்.

கடைக்காரர் குனிந்து, சீட்டின் அடியில் இருந்த லிவரை இழுத்து, தண்டவாளம் போல இருந்த கம்பியில் சீட்டைப் பின்னால் தள்ளினார். "ஏழாவது ஓட்டை. காலை முழுசா நீட்டுறப்ப முட்டி லேசா மடங்கினாப் போதும். இதை மாத்தாதீங்க."

"சீட்டு வைக்கிறத எனக்குச் சொல்லித் தர்றீங்களா?" என்றார் டிரைவர். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு முதல்முறையாக அவர் நிமிர்ந்து பேசிய வாக்கியம் அதுதான். "இருபத்துமூணு வருஷம்."

கடைக்காரரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். விட்டிருக்கக் கூடாது.

சைக்கிள் அவர்கள் படுக்கையறையில் வந்து இறங்கியது. கீழே என் சமையலறை. தினமும் விடிந்ததும் இருபது நிமிடம், டியூட்டி முடிந்து வந்து இருபது நிமிடம். ஃபேனை முழு வேகத்தில் வைத்து, ரேடியோவையும் போட்டுக்கொண்டு மிதிப்பார். மேலே அவர்களுக்கு என்ன கேட்டதோ, எனக்குக் கூரை வழியாக ஒன்றுதான் கேட்கும். 'ஸ்ஸ், டக். ஸ்ஸ், டக்.' நிமிடத்துக்கு ஐம்பது டக். நான் காய் நறுக்குவதே அந்தத் தாளத்துக்கு ஆகிவிட்டது. டக் நின்றால் மனிதர் தண்ணீர் குடிக்கிறார் என்று அர்த்தம்.

சாப்பாடும் மாறியது. அவள் தட்டில் பாதியைக் காயால் நிரப்பி, மீதிப் பாதிக்கு அளவுக் கரண்டி வைத்தாள். டீயில் சர்க்கரை போயிற்று, பிஸ்கட் டப்பா சலவைக் கடைக்குப் போயிற்று. கதவின் உள்பக்கம் ஒரு தாள். அதில் வாரம் ஒரு எண். முதல் வாரம் நூற்றுமூன்று. இரண்டாவது நூற்றிரண்டு. மூன்றாவது நூறே முக்கால். கதவு திறந்திருக்கும்போது தாண்டிப் போனால் யாருக்கும் தெரியும், எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. லேசாகக் கழுத்தைத் திருப்பினால் போதும். நாலாவது வாரம் தொண்ணூற்றொன்பதே முக்கால். அன்று அவர் படியில் இறங்கும்போது விசிலடித்தார். உற்சாகத்தில் இருபது நிமிடத்தை நாற்பதாக்கினார்.

ஐந்தாவது வாரம் விசில் நின்றது. பிறகு படியில் ஒரு காலை வைத்து, மறுகாலை அதே படிக்குக் கொண்டுவந்து, குழந்தை இறங்குவது போல இறங்கினார். சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. வலது முட்டி வீங்கி, பேண்ட் அந்த இடத்தில் மட்டும் இறுக்கமாக இருந்தது. நான் பார்த்தேன். பார்த்ததை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பது?

திங்கட்கிழமை மருந்துக் கடை வரிசையில் செக்கரின் மனைவி நின்றாள். செக்கர் அதே பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதிப்பவர். "உங்க மேல் வீட்டு டிரைவர் எப்படி இருக்கார்?" என்று கேட்டாள்.

"பாவம், படி இறங்க முடியல. முட்டி பூசணிக்காய் மாதிரி ஆயிடுச்சு" என்றேன்.

இவ்வளவுதான் சொன்னேன். அதோடு கூட, "இந்தக் காலை வச்சுக்கிட்டு பிரேக்க எப்படி மிதிக்கிறாரோ" என்று ஒரு வார்த்தை. மனதில் எதையும் வைத்துச் சொன்னது அல்ல. பேச்சை முடிக்க ஒரு வார்த்தை வேண்டுமே என்று சொன்னது.

வியாழக்கிழமை மத்தியானம் டிரைவரின் மனைவி என் சமையலறைக்கு வந்தாள். கையில் ஒரு காகிதம். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"படிக்கிறேன், கேளுங்கக்கா. 'பிரேக்கை மிதிக்கும் திறன் குறித்து ஐயம் தெரிவிக்கப்பட்டுள்ளதால், மறுபரிசோதனை முன்கூட்டியே, இன்றிலிருந்து பதினோராம் நாள் நடைபெறும். அதுவரை பணி இல்லை.'" காகிதத்தை மடித்தாள். இஸ்திரி மடிப்பு. "யார்க்கா தெரிவிச்சிருப்பாங்க?"

"எனக்கென்னடி தெரியும்."

"உங்களுக்குத் தெரியாதது இந்தக் கட்டிடத்துல ஒண்ணு இருக்கா?"

நல்லவேளை, வெங்காயம். கண் கலங்கியதற்கு வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நான் முட்டின்னுதான் சொன்னேன்" என்றேன். எனக்கே அது கேவலமாகக் கேட்டது.

அவள் கத்தியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. கத்தவில்லை. "பத்து வாரம்னு நினைச்சுத்தான் நடந்துக்கிட்டிருந்தோம். இப்ப முட்டியும் போச்சு, மூணு வாரமும் போச்சு. இன்னும் ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கு. கேட்ல கொண்டுபோய் உக்காரவச்சா அவர் உக்காருவாரு அக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதுதான் எனக்குப் பயம்." வாசல் வரை போய்த் திரும்பினாள். "இந்தப் பதினோரு நாள் மட்டும் எங்களப் பத்தி ஒரு வார்த்தை வெளிய போக வேண்டாம். அப்புறம் உங்க இஷ்டம்."

அவள் போன பிறகு சமையலறையில் இருப்புக் கொள்ளவில்லை. தலைக்கு மேலே சத்தமே இல்லாமல் இருந்தது. ஐந்து வாரமாக என்னை எழுப்பிய அந்த டக் இல்லாமல் வீடு காலியானது போல இருந்தது. யார் மேலாவது குற்றத்தைச் சாத்தினால் பாரம் குறையும் என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு நேராக வாடகை மெஷின் கடைக்குப் போனேன்.

"நல்ல மெஷின் கொடுத்தீங்க. மனுஷன் முட்டி வீங்கிக் கிடக்கிறார். மெஷினும் முதல் நாள்லேர்ந்து டக்கு டக்குன்னு அடிச்சுக்குது."

கடைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சாய்வு சைக்கிள் டக்குனு அடிக்காதும்மா. அதுல அடிக்க ஒண்ணுமில்ல."

"அடிக்குது. நிமிஷத்துக்கு ஐம்பது. நான் எண்ணியிருக்கேன்."

"எண்ணினீங்களா?"

"சமையல்கட்டுல வேற என்ன பொழுதுபோக்கு?"

"சுத்துக்கு ஒண்ணு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் தன் இடது முட்டியைத் தடவியபடி நின்றார். பிறகு கடையைப் பூட்டிவிட்டு என்னோடு கிளம்பினார். ஏன் என்று கேட்டதற்கு, "பார்த்தாத்தான் சொல்வேன்" என்றார். வழி முழுக்க ஒன்றும் பேசாத மனிதரோடு நடப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரியாது.

கட்டிடத்துக்கு வந்தால் படியில் வழி இல்லை. ஆலோசகர் தன் டிரெட்மில்லைத் தூக்க இரண்டு ஆட்களோடு வந்து, சரியாக என் வீட்டு வாசல் திருப்பத்தில் அதைச் சிக்கவைத்திருந்தான். அது முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மேலே படியின் தலைமாட்டில் டிரைவர், முட்டியில் ஐஸ் வைத்துக் கட்டிய துண்டோடு சுவரில் சாய்ந்து நின்றார். பக்கத்தில் அவள்.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்று டிரெட்மில்லுக்கு அந்தப் பக்கமிருந்து ஆலோசகரின் குரல் வந்தது. "படுத்துக்கிட்டு மிதிக்கிற சைக்கிள்ல என்ன குறையும்? பதினோரு நாள்ல ரெண்டு கிலோன்னா ஓடித்தான் ஆகணும் மாமா. வலியைப் பார்த்தா வேலை மிஞ்சாது."

"கொண்டுவா மச்சான். ஓடிப் பாத்துடறேன்" என்றார் டிரைவர். அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை, அவசரம்தான் இருந்தது.

கடைக்காரர் கீழிருந்தே சொன்னார்: "ஓடினா ரெண்டு கிலோ குறைஞ்சாலும் குறையும் சார். அப்புறம் மேடையில எந்தக் காலால ஏறுவீங்க?"

"உங்க மெஷின்லதான் இந்தக் கதி."

"சீட்டு எந்த ஓட்டையில இருக்கு?"

டிரைவர் உடனே, "ஏழு" என்றார். நாற்பது பேர் உள்ள பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று செக்கரை ஒருமுறை கேட்டேன். கேட்பதற்கு முன்னால் பதில் சொல்லுகிறவன்தான் என்றார்.

"ஏழுலயே இருந்தா டக்கு எப்படி வரும்? அது அடிக்காத சைக்கிளாம்" என்றேன் நான். இந்த நாக்கு ஒரு நல்ல காரியம் செய்தது என்றால் அன்றுதான்.

அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். நேரே உள்ளே போனாள். ரேடியோவை நிறுத்தும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஆயிற்று. டிரெட்மில்லைத் தாங்கியிருந்த ஆட்களில் ஒருவன், இறக்கவா வேண்டாமா என்று முனகினான்.

அவள் வெளியே வந்தாள். "மூணு" என்றாள். "என்னங்க, மூணுல இருக்கு."

"அப்படித்தான் இருக்கணும்." டிரைவர் எங்கள் யாரையும் பார்க்காமல் பேசினார். "டிரைவர் சீட்னா, பிரேக்க அடிவரைக்கும் அழுத்தினாலும் முட்டி மடங்கியே இருக்கணும். அப்பத்தான் அவசரத்துக்குப் பலம் கிடைக்கும். தள்ளிப்போட்டு உக்காந்தா காலு நீண்டு போயிடும், மிதி விழாது. புதுசா வர்ற டிரைவருங்களுக்கு இதை நான்தான் சொல்லித் தர்றேன். அவரு தெரியாம பின்னாடி தள்ளி வச்சாரு. வீட்டுக்கு வந்த அன்னிக்கே நான் சரி பண்ணிட்டேன்."

"பஸ்சுல நீங்க சொல்றது சரிதான் சார்" என்றார் கடைக்காரர். குரலில் கேலி இல்லை. "பஸ் பெடல் முன்னாடி போகும், நிக்கும். இது சுத்தி உங்ககிட்டயே திரும்பி வருது. வர்றப்ப முட்டி எங்க போகும்? இடம் வேணுமில்ல? துடுப்பு மெஷின்ல எது வேணாம்னு இறக்கினேனோ, அதையே அஞ்சு வாரமா தினம் செஞ்சிருக்கீங்க. மடங்க இடமில்லாம ஒவ்வொரு சுத்துக்கும் இடுப்பு எழும்பி சீட்ல விழுந்திருக்கு. இந்தம்மா எண்ணின டக்கு அதுதான்."

டிரைவர் தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார், இவ்வளவு நாள் அதன் மேல் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்பது போல.

அவள் என்னைப் பார்த்தாள். "அஞ்சு வாரமா கேட்டுச்சா உங்களுக்கு?"

"மெஷின்னா சத்தம் வரும்னு நினைச்சேன்."

"ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எங்ககிட்ட மட்டும் சொல்லல."

நான் டிரெட்மில்லின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தேன்.

"டிரெட்மில்ல இறக்குடா" என்றாள் தம்பியிடம். "வேணும்னா அந்த எலிப்டிகலை அனுப்பவா, அதுல முட்டி இவ்வளவு மடங்காது" என்று கடைக்காரர் கேட்டதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். "அது இவருக்கு மூணு நிமிஷ மெஷின். இதுவே போதும். ஏழுல வச்சுக் கொடுங்க. லிவரைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க."

கடைக்காரர் டிரெட்மில்லுக்கு அடியில் தவழ்ந்து மேலே போய், ஏழாவது துளையில் சீட்டை முடுக்கி, லிவரைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்று நாள் மிதிக்கவே கூடாது, ஐஸ் மட்டும். பிறகு பத்து நிமிடத்தில் ஆரம்பிக்க வேண்டும். வலித்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். டிரெட்மில்லைத் தூக்க வந்த ஆட்கள் வேறு வேலை இருக்கிறது என்று போய்விட்டார்கள். அது திருப்பத்திலேயே கிடந்தது. அடுத்த பத்து நாள் என் வீட்டுக்குள் நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்துதான் போனேன். ஈரத் துணி போட வசதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நாலாம் நாள் காலையில் கூரையில் சத்தம் வந்தது. 'ஸ்ஸ். ஸ்ஸ். ஸ்ஸ்.' கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். டக் இல்லை. பத்து நிமிடம், நின்றது. மறுநாள் பதினைந்து. ஆறாம் நாள் நடுவில் திடீரென்று ஒரு 'டக்'. டிரெட்மில்லை உரசிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கதவைத் திறந்தவள் என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி பாட்டில் விழுந்துச்சுக்கா" என்றாள். அவள் முகம் லேசாக இளகியது போலத் தெரிந்தது. தாளில் அன்றைய எண் தொண்ணூற்றெட்டு.

மருந்துக் கடையில் செக்கரின் மனைவி மறுபடி வந்தாள். "கால் எப்படி இருக்காம்?"

"தெரியாது" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பதினோராம் நாள் காலை அவளே என் கதவைத் தட்டினாள். "நீங்களும் வாங்க. வராட்டி எப்படியும் கேட்டுத் தெரிஞ்சுக்குவீங்க. தப்பாத் தெரிஞ்சுக்குவீங்க."

டிப்போவில் டாக்டரம்மாவின் அறைக் கதவுக்குப் பாதி கண்ணாடி. நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் எட்டிப் பார்க்கவில்லை. பெஞ்சே அப்படித்தான் போட்டிருந்தது.

எடை மெஷினில் ஏறினார். தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு. டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். இருநூறு கிராம் அதிகம். டாக்டரம்மா எழுதப் போனவர் நிறுத்தி, "பையில என்ன வச்சிருக்கீங்க?" என்றார். டிரைவர் எடுத்து மேஜையில் வைக்க ஆரம்பித்தார். சாவிக்கொத்து. டார்ச். ஸ்க்ரூடிரைவர். கண்ணாடிக் கூடு. மூன்று பேனா. பிறகு பெல்ட். ஒரு சின்னக் கடையே மேஜையில் விரிந்தது. மறுபடி ஏறினார். தொண்ணூற்றாறு புள்ளி ஆறு.

அடுத்தது மேடை. மேஜையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துத் திருகினார்கள். அது டக், டக் என்று அடிக்கத் தொடங்கியது. அந்தத் தாளத்துக்கு ஏறி இறங்க வேண்டும். எங்கே போனாலும் இந்த மனிதரைத் துரத்துகிறது என்று நினைத்தேன். எண்ணவும் ஆரம்பித்தேன், பழக்கம். முதல் நிமிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் நெற்றி நனைந்தது. என் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியதும் வலது கால் ஏறும்போது ஒரு நடுக்கம் வந்தது. கை சுவருக்குப் போனது. தொடக் கூடாது. பாதியில் நின்று திரும்பியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பத்து வருடம் இஸ்திரி பிடித்த கை, வலித்தது. நான் கையை எடுக்கவில்லை.

பெட்டி நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நிமிடம் ஓடியது. டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"நூத்திப் பதினெட்டு. மூணு மாசம் கழிச்சு மறுபடி வாங்க, இன்னும் நாலு கிலோ குறைச்சிட்டு" என்றார். பிறகு காகிதத்தைப் புரட்டினார். "இன்னும் ஒண்ணு இருக்கே. பிரேக்."

என் ஒரு வார்த்தை அங்கே அச்சில் உட்கார்ந்திருந்தது. டிப்போ முற்றத்தில் காலி பஸ் ஒன்று நின்றது. குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து வேகமாக வந்து, கொடி அசைந்ததும் அழுத்தி, கோட்டைத் தாண்டாமல் நிறுத்த வேண்டும். கொடியைப் பிடித்து நின்றவர் செக்கர். கையில் அட்டையும் பென்சிலும் இருந்தன.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். பதினோரு நாளாக உட்காராத சீட். யாரோ நெட்டையான ஆள் ஓட்டியிருக்கிறான் போல, பின்னால் தள்ளியிருந்தது. அவர் கை கீழே போய் லிவரைத் தேடியது. சீட்டை முன்னால் இழுத்தார். ஒரு கடக். இன்னொரு கடக்.

அவள் ஜன்னலுக்குக் கீழே ஓடினாள். "என்னங்க, பின்னாடிதானே இருக்கணும்? முட்டி மடங்குதே."

டிரைவர் குனிந்து அவளைப் பார்த்தார். "இது பஸ்சு" என்றார்.

வண்டி முற்றத்தின் கோடிக்குப் போய்த் திரும்பியது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. வேகம் அதிகமோ என்று எனக்குத் தோன்றியது. கொடி அசைந்தது. பஸ் முன்பக்கம் தலைகுனிந்து, டயர் ஒரு முறை கீச்சிட்டு நின்றது. செக்கர் குனிந்து பார்த்தார். முன்சக்கரத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் தன் கையை வைத்து அளந்தார். இரண்டு சாண் மிச்சம். அட்டையில் ஏதோ எழுதி, டிரைவரைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

டிரைவர் இறங்கவில்லை. ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். இந்த முறை கண்ணாடி இருந்தது. அதைச் சரிசெய்தார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "பதினோரு நாள் முடிஞ்சுதுக்கா. போய்ச் சொல்லுங்க. மூணு வீட்டுக்கு மட்டும் சொல்லாதீங்க, அஞ்சு வீட்டுக்கும் சொல்லுங்க."

ஐந்து வீட்டுக்கும் சொன்னேன். செக்கர் வீடு எங்கள் கட்டிடத்தில் இல்லை, இரண்டு தெரு தள்ளி. அங்கேயும் நடந்தே போய், பிரேக் எப்படிப் பிடித்தார் என்று அவர் மனைவியிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன்.